ஈரலைத் தாண்டிப் போன இரத்தம்

லோஜனா சாப்பிட்டு முடித்ததும் கோசலாவுக்குப் பயம் தொடங்கிவிடும்.

மற்றத் தாய்மாருக்குப் பிள்ளை சாப்பிடாவிட்டால்தான் கவலை. இவளுக்கு, வழித்துத் துடைத்த சோற்றுக் கோப்பையைக் கண்டால் நெஞ்சு அடிக்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கண் சொருகும். சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் நிற்கும். பாயில் கிடத்தினால் கிடத்தியபடியே கிடப்பாள். காதுக்குள் கூப்பிட்டாலும் கன்னத்தில் தட்டினாலும், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கோசலா பக்கத்தில் குந்தியிருந்து, மூக்கடியில் புறங்கையைப் பிடித்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். இந்த முறை எழும்பாமல் போய்விட்டால்? அந்தக் கேள்வி ஒருநாளும் அவளை விட்டதில்லை. பின்னேரம் பிள்ளை எழும்பி, ஒன்றும் நடக்காததுபோலத் தண்ணீர் கேட்கும்போதுதான் அவளுக்குக் கை கால் வழிக்கு வரும்.

பக்கத்து வளவுச் சின்னத்தங்கத்துக்கு இது பகிடி. கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்பாள்.

"என்ன கோசலா, உம்மட மகள் இண்டைக்கும் சிவராத்திரிக்கு முழிச்சவவோ?"

"எழுப்ப எழும்புறா இல்லை அக்கா."

"ஏன் எழுப்புறீர்? சாப்பிட்ட உடனே நித்திரை வாறது பெரிய வரம். என்ர மனிசன் விடிய விடியக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். வேணுமெண்டால் மாத்திக்கொள்ளுவம்."

கோசலாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய் மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

பயந்தவள் என்ற பெயர் அவளுக்கு நெடுந்தீவில் வந்து இறங்கிய அன்றே விழுந்துவிட்டது. பிறந்தது புங்குடுதீவு மடத்துவெளியில். வாழ்க்கைப்பட்டு வந்தபோது, குறிகட்டுவான் துறை மறையும் முன்பே படகில் கண்ணை மூடிக்கொண்டவள், இந்தப் பக்கம் கயிறு எறிந்த சத்தம் கேட்டபிறகுதான் திறந்தாள். "கண்ணை மூடினால் கடல் இல்லாமல் போயிடுமோ?" என்று நிசாந்தன் கேட்டான். "எனக்கு இல்லாமல் போயிடும்" என்றாள். நிசாந்தன் பிரதேச சபையில் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவன். கோடையில் ஊர் முழுக்க வாளியும் குடமுமாக அவனுடைய பவுசருக்குக் காத்திருக்கும். ஒருநாள் லீவு எடுப்பதென்றாலும் பத்துப் பேரிடம் பேச்சு வாங்கவேண்டும். வீட்டையும் பிள்ளையையும் கோசலாதான் பார்த்தாள். ஒரு நாகு வாங்கி, அது கன்று போட்டு, அந்தக் கன்று வளர்ந்து கன்று போட, இப்போது துறையடித் தேத்தண்ணிக் கடைக்குப் பால் கொடுப்பது அவள்தான். மாட்டுக்கு அவள் பயப்படுவதில்லை. அவள் பயப்படாத ஒரே பிராணி அதுதான் என்று நிசாந்தன் சொல்வான்.

வீட்டில் இத்தனை பால் இருக்கும்போது பிள்ளை சோர்ந்து கிடப்பதா? விடியக் கறந்த சூட்டோடு ஒரு தம்ளர், மத்தியானம் சோற்றுக்குத் தயிர், மீன், பின்னேரம் மறுபடியும் பால். சோர்வு கூடக்கூடப் பாலையும் கூட்டினாள். பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாட்டுக்கு முட்டை கொடுக்கிற நாட்களில் பிள்ளை கூடுதலாகத் தூங்குகிறாள் என்று ரீச்சர் சொன்னபோது, முட்டை சூடு என்று அதை நிறுத்தி, அதற்கு ஈடாக இன்னொரு தம்ளர் பால் கொடுத்தாள்.

உதட்டைத்தான் முதலில் வேறு ஆட்கள் கண்டார்கள். நாவற்பழம் தின்ற வாய்போல ஒரு நீலம். நாவல் காய்க்காத காலத்திலும் அது போகவில்லை. தீவு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டொக்டர், காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போனபோது, பிள்ளையின் விரலில் ஒரு சின்னக் கவ்வியை மாட்டிப் பார்த்தார். கழற்றி மற்ற விரலில் மாட்டினார். பிறகு தன் விரலில் மாட்டிப் பார்த்தார்.

"கருவி பிழையில்லை" என்றார். "இரத்தத்தில ஒட்சிசன் குறைவாக் கிடக்கு. யாழ்ப்பாணம் கொண்டுபோங்கோ."

யாழ்ப்பாணத்தில் முதலில் இதயத்தைப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றதும் கோசலாவுக்கு உயிர் வந்தது. போகிற வழியிலேயே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழும்பினாள். ஆனால் டொக்டரின் முகத்தில் அந்தச் சந்தோசம் இல்லை.

"இதயம் நல்லா இருக்கிறதாலதான் யோசினை, அம்மா. அப்ப உதடு ஏன் நீலம்?"

அதற்குப் பிறகு வயிற்றை ஸ்கான் பண்ணினார்கள். குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கட்டையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார் ஸ்கான் டொக்டர். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ மினுங்கியது. தொடக்கத்தில் பிள்ளையோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார். அந்த இடத்தை விட்டுக் கட்டை நகரவில்லை. கோசலா திரையைப் பார்ப்பதை விட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். டொக்டர்மார் பேசாமல் இருப்பதுபோல அவளைப் பயப்படுத்துவது உலகத்தில் வேறொன்றும் இல்லை.

"ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோற பெரிய குழாய் வடிவாத் தெரியேல்லை" என்றார் கடைசியில். "வேற எங்கேயோ வளைஞ்சு போற மாதிரிக் கிடக்கு. இரத்தக் குழாய்க்குள்ள மருந்து ஏத்திப் படம் எடுத்தாத்தான் சொல்லலாம். ஆடாமல் அசையாமல் கிடக்கவேணும். சின்னப்பிள்ளை எண்டபடியால் மயக்க மருந்து குடுப்பினம்."

மயக்க மருந்து. மருந்து இல்லாமலே எழும்பாத பிள்ளைக்கு மருந்தும் கொடுத்தால்?

அதை அவள் கேட்கவில்லை. நித்திரையைப் பற்றித் தொடக்கத்தில் ஓரிருவரிடம் சொல்லிப் பார்த்தவள்தான். "நல்லதுதானே" என்று சிரித்தார்கள். அதன்பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் மூச்சைக் கேட்டார்கள், உதட்டைக் கேட்டார்கள், நகத்தைக் கேட்டார்கள். அதற்கெல்லாம் சொன்னாள். நித்திரையை ஒருவரும் கேட்கவில்லை.

படம் எடுக்கிற திகதி கிடைக்க நெடுநாள் சென்றது. "விடிஞ்சாப்பிறகு ஒண்டும் குடுக்கக்கூடாது, வெறும் வயிறாக் கொண்டு வாங்கோ" என்று தாதி சொல்லியனுப்பினாள். வெறும் வயிறு என்பது கோசலாவுக்குப் புதிதல்ல. வருடாவருடம் கந்தசஷ்டி பிடிக்கிறவள் அவள். ஆறு நாளும் சோறு, கறி, அவித்தது, பொரித்தது ஒன்றும் வாயில் படாது. ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும் எடுப்பாள். அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கோயிலில் ஐயர் கேட்டாலும், வீட்டில் மச்சாள் கேட்டாலும், "நான் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றுதான் சொல்வாள். அது பொய்யுமில்லை.

காலைப் படகை நம்ப முடியாதென்று முதல்நாளே மடத்துவெளியில் தமையன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தமையன் சுவிஸில். மச்சாள் நிலாந்திதான் வீட்டில்.

"பிள்ளை பஸ்ஸில மயங்கி விழப்போகுது மச்சாள்" என்றாள் நிலாந்தி, விடியலில், அடுப்படியில் நின்று. "நாலு இடியப்பம் கிடக்கு."

"விசரோ உமக்கு? சாப்பாடு குடுக்கக்கூடாது."

"அப்ப பாலாவது குடும். விரதகாரர் குடிக்கிறதுதானே."

பால் கொடுத்தாள். ஒரு இதரை வாழைப்பழமும் உரித்துக் கொடுத்தாள். பிள்ளையை வெறும் வயிற்றோடு கொண்டுபோகிறேன் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்த தாதி கேட்டாள். "ஏதும் சாப்பிட்டவவோ?"

"இல்லை மிஸ். ஒண்டும் சாப்பிடேல்லை."

படம் எடுக்கிற அறைக்கு வெளியே கிடந்த மர வாங்கில் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு வயதானவர். எழுவைதீவு ஐயாத்துரை என்று கேட்காமலே சொன்னார். கடலில் தனியே வலை இழுக்கிற கை. ஆனால் அந்தக் கை இப்போது இடுப்பில் கட்டிய சாரத்தின் முனையைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஆருக்குப் படம்? உமக்கோ?"

"மகளுக்கு, ஐயா."

"எனக்கு முதுகு. அந்தக் குழாய்ப் பெட்டிக்குள்ள படுக்கச் சொல்லுறாங்கள். ஏலாது எண்டிட்டன். செத்தாப்பிறகும் பெட்டிக்குள்ள வையாதேங்கோ, அப்பிடியே எரியுங்கோ எண்டு வீட்டிலை சொல்லி வைச்சிருக்கிறன். அதுதான் மயக்க மருந்து. போன முறையும் வந்தனான். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

"ஏன்?"

"ஒரு பிளேன்ரீ குடிச்சனான். பால்கூட இல்லை, வெறும் சாயம். அதுக்கு என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்கள். மயக்கத்திலை வயித்தில கிடக்கிறது சத்தியா மேல வந்தால் அது நெஞ்சுக்குள்ள இறங்கி மூச்சை அடைச்சுப்போடுமாம். பச்சைத் தண்ணிக்கே பாடு இது." அவர் லோஜனாவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன குஞ்சு, நீரும் என்னைப்போலப் பட்டினியோ?"

லோஜனா தலையை ஆட்டினாள். "நான் பால் குடிச்சனான்."

ஐயாத்துரைக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் தன் முதுகுக் கதையைத் தொடர்ந்தார். கோசலாவுக்கு அந்தக் கதையில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

எழும்பிப் போய்ச் சொல்லவேண்டும். அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னால் இன்றைய படம் போய்விடும். அடுத்த திகதி எப்போது? அதற்குள் ஒரு மத்தியானம் பிள்ளை எழும்பாமல் கிடந்தால்? ஒரு தம்ளர் பால்தானே. பஸ்ஸில் வந்த நேரத்துக்குச் செமித்திருக்கும். இல்லை, செமிக்காமல் கிடந்தால்? சொல்வதா, விடுவதா என்று அவள் இரண்டு பக்கமும் மாறிமாறிப் போய்வந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்து பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

மயக்க மருந்து டொக்டர் வாட்டமான, மெலிந்த ஒரு இளைஞர். பிள்ளையைக் கட்டிலில் ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"அம்மா, வெறும் வயிறுதானே?"

"ஓம்" என்றாள் கோசலா.

அந்த ஓமைச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. தாதியிடம் காலையில் சொன்னது அறியாமல் சொன்னது. இது அறிந்து சொன்னது. புறங்கையில் ஊசி குத்தி வைத்தார்கள். லோஜனா அழுதாள், தாயின் சட்டையைப் பிடித்தாள். டொக்டர் தட்டிலிருந்து மருந்து நிறைத்த சிரிஞ்சை எடுத்தார். அதற்குள் இருந்த மருந்து, அச்சொட்டாகப் பால்போல, வெள்ளையாக இருந்தது.

"டொக்டர், நில்லுங்கோ."

அவர் திரும்பினார்.

"பிள்ளை பால் குடிச்சவ. ஒரு தம்ளர். பழமும் சாப்பிட்டவ. நான் பொய் சொன்னனான்."

சிரிஞ்சு தட்டுக்குத் திரும்பிப் போனது. அவர் கத்துவார் என்று கோசலா தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கத்தவில்லை. எப்போது என்று கேட்டார். எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "ஏனம்மா?" என்றார்.

"விரதத்துக்கு எடுக்கிறதுதானே, அது சாப்பாடில்லை எண்டு நினைச்சிட்டன்."

தாதிக்குச் சிரிப்பு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டொக்டர் நெற்றியைத் துடைத்தார். "முருகன் பொறுப்பார் அம்மா. நுரையீரல் பொறுக்காது. வெளியில இருங்கோ. கையில குத்தினதைக் கழட்டாதேங்கோ, பின்னேரம் ஏலுமோ எண்டு பாப்பம். ஐயாத்துரையைக் கூப்பிடுங்கோ."

வாங்கில் வந்து இருந்தாள். நிசாந்தனுக்கு ஃபோன் எடுக்க மனம் வரவில்லை. எத்தனை நாள் காத்திருந்த திகதியைப் பாலைக் கொடுத்துப் பாழாக்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? லோஜனா மடியில் சாய்ந்தாள். சாய்ந்தவள் கனத்தாள். கோசலா குனிந்து பார்த்தாள். கண் சொருகி, வாய் பிளந்து, விரல்கள் தன்பாட்டில் நடுங்கின.

"லோஜி. லோஜிம்மா."

'ம்' கூட வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனது யாரும் கூப்பிட்டு அல்ல. மயக்க மருந்து டொக்டர் வந்து பிள்ளையின் நெஞ்சில் கைமுட்டியால் அழுத்திப் பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் மருந்து ஏத்தேல்லையே."

"சிரிஞ்சு அப்பிடியே நிறையக் கிடக்கு, டொக்டர்" என்றாள் தாதி. அவள் இப்போது சிரிக்கவில்லை.

"அம்மா, இவ இப்பிடி முந்தியும் கிடந்தவவோ?"

அப்போதுதான், நித்திரையைப் பற்றி முதன்முதலாக ஒருவர் அவளைக் கேட்டார். கோசலா எல்லாவற்றையும் கொட்டினாள். சோற்றுக்குப் பிறகு வருவது, தயிர் விட்டால் கூடுதலாக வருவது, மீன் கூடினாலும் கூடுதலாக வருவது, முட்டை நாளில் ரீச்சர் சொன்னது, சின்னத்தங்கத்தின் சிவராத்திரி, புறங்கையை வைத்துப் பார்ப்பது. மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுகச் சொன்னாள். டொக்டர் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. முடிந்ததும் பிள்ளையின் கையில் இருந்த ஊசி வழியாக இரத்தம் எடுத்து, குப்பியை ஐஸ்கட்டிக்குள் புதைத்து, ஒரு ஆளை ஓட்டமாக அனுப்பினார்.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால்," என்றார், "சத்தி வந்து ஏதும் நடந்திருக்கலாம். அது ஒண்டு. நடக்காமல் விட்டிருந்தாலும், இவ கிடக்கிறதைப் பாத்து என்ர மருந்தாலதான் இந்த நித்திரை எண்டு நினைச்சிருப்பன்."

இரத்தத்தில் அமோனியா என்ற கழிவு கூடிக் கிடந்ததாக விடை வந்தது. வார்ட்டில் படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள். பின்னேரம் லோஜனா கண் திறந்து, இது எந்த வீடு என்று கேட்டாள். மறுநாள், உண்மையாகவே வெறும் வயிற்றோடு, படம் எடுத்தார்கள். கோசலா அன்று பிள்ளையின் உதட்டை நனைக்கக்கூடப் பயந்தாள்.

படத்தைக் காட்டி விளங்கப்படுத்தியவர் ஸ்கான் டொக்டர். நிசாந்தனும் அன்று வந்திருந்தான். பவுசரை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, எண்ணெய் ஊறிய நகத்தோடு வந்து நின்றான்.

"குடலில இருந்து இரத்தம் எல்லாம் ஒரு குழாயால ஈரலுக்குப் போகவேணும். சாப்பாட்டில வாற நஞ்சை ஈரல்தான் முறிக்கிறது. சந்தையில வாங்கின மீனைக் குசினிக்குக் கொண்டு போகாமல், செதிள் குடலோட நேரே கோப்பையில போட்டா எப்பிடியிருக்கும்? உங்கட மகளுக்கு அதுதான் நடக்குது. பிறக்கேக்கையே குழாய் பிழையாய் ஓடியிருக்கு. ஈரலைத் தாண்டி நேரே பெரிய குழாயில போய் விழுது. முறியாத நஞ்சு மூளைக்குப் போகுது, அதுதான் நித்திரை. நெஞ்சுக்கும் போகுது, அதுதான் நீலம். மெத்த அரிதான வருத்தம். நானும் புத்தகத்திலதான் கூடுதலாப் பாத்தனான்."

"மீன், தயிர், பால்?" என்றாள் கோசலா.

"அதுகளிலதான் அந்த நஞ்சு கூடுதலா வாறது."

நிசாந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தம்ளர் தம்ளராக அவள் வார்த்தது அவனுக்கும் தெரியும். "தெரியாமல்தானே குடுத்தனீர்" என்றான் மெல்ல. அவள் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. போனால் திரும்பி வரமுடியாது என்று பயந்தாள்.

"அந்தப் பிழையான குழாயை அடைச்சுவிட ஏலாதோ?" என்று கேட்டான் நிசாந்தன். குழாய் என்றால் அவனுக்கு அடைப்பதும் திறப்பதும்தான்.

"அங்கதான் கேள்வி." டொக்டர் திரையில் ஈரல் இருந்த இடத்தைச் சுட்டினார். ஒரு சாம்பல் நிறப் பரப்பு. "ஈரலுக்குள்ள அந்தக் குழாயின்ர கிளைகள் இருக்கவேணும். ஒண்டும் தெரியேல்லை. கிளை இருந்து, இரத்தம் போகாததால சுருங்கிப்போய்க் கிடக்கலாம். அப்பிடியெண்டால் பிழையான வழியை அடைக்கலாம். இரத்தம் போகப்போகக் கிளை பெருக்கும். கிளையே இல்லையெண்டால் அடைக்கக்கூடாது. இரத்தத்துக்குப் போக இடமில்லை. குடல் வீங்கி, பிள்ளை தாங்காது."

"அப்ப?"

"வேற ஈரல் வைக்கவேணும்."

"இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"கொழும்பில பாப்பினம். கழுத்தால ஒரு மெல்லிய குழாயை விட்டு, பிழையான வழியைக் கொஞ்ச நேரம் ஒரு சின்னப் பலூனால அடைச்சு, மருந்து விட்டுப் பாத்தால் தெரியும்."

கொழும்புக்குக் கோசலாவோடு அவளுடைய தகப்பன் ஆழ்வாப்பிள்ளை போனார். இளவயதில் மாத்தறையில் கடையில் நின்றவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அது கடைச் சிங்களம். வாசலில் நின்ற காவலாளியிலிருந்து வார்ட்டுத் தாதி வரை எல்லோரிடமும், பற்றுவரவு வைக்க வந்த நல்ல வாடிக்கைக்காரரிடம் பேசுவதுபோல் குழைந்து பேசினார். தாதிமார் சிரித்தார்கள். லோஜனாவுக்குச் சன்னலோரக் கட்டில் கிடைத்தது.

சோதனைக்கு முதல்நாள் பெரிய டொக்டர் வந்து நெடுநேரம் சிங்களத்தில் பேசினார். கையால் வயிற்றில் கோடு போட்டுக் காட்டினார். ஆழ்வாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். டொக்டர் போனபிறகு மகளைப் பார்த்து, "நாளைக்குப் பாப்பினமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்றார்.

"அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர், அப்பா. நீங்கள் ரெண்டு வசனம் சொல்லுறியள்."

"சாமானை விக்கிறவன் நீட்டித்தான் கதைப்பான். வாங்கிறவனுக்கு விலை மட்டும் தெரிஞ்சால் காணும், பிள்ளை."

"அப்ப விலையைச் சொல்லுங்கோ. மறையாதேங்கோ."

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். துடைத்து முடிந்தும் போடவில்லை. "பலூனால அடைக்கேக்கை குடலுக்குள்ள அழுத்தம் ஏறும். கூட ஏறினால் உடனே நிப்பாட்டுவினம். கிளை இல்லாட்டி ஈரல் மாத்தத்தான் வேணுமாம். உன்ர ஈரலில ஒரு துண்டு பொருந்துமோ எண்டு பாப்பினமாம். இந்த ஊரிலை சின்னப்பிள்ளையளுக்கு அது மெத்தக் கஷ்டமாம். எப்ப நடக்கும் எண்டு சொல்ல ஏலாதாம்."

"என்ர துண்டை எடுக்கட்டும்" என்றாள் கோசலா. அப்படிச் சொன்னபோது அவளுக்குப் பயமில்லை. 'எப்ப நடக்கும் எண்டு சொல்ல ஏலாது' என்பதுதான் அவளைப் பயப்படுத்தியது. அதுவரை பிள்ளை தாங்குவாளா?

காலையில் லோஜனாவைக் கொண்டுபோனார்கள். கதவடியில், "அம்மாவும் வரலாமோ?" என்று பிள்ளை கேட்டாள். ஆழ்வாப்பிள்ளை தாதியிடம் சிங்களத்தில் கெஞ்சினார். இந்த முறை அந்தக் குழைவு எடுபடவில்லை. கதவு மூடிக்கொண்டது.

கோசலா கதவுக்கு நேரே இருந்த கதிரையில் இருந்தாள். முருகனைக் கூப்பிடத் தொடங்கினாள். நடுவில், என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்பதா? கிளை இருக்கவேண்டும் என்று கேட்பதா? இருக்கிறதோ இல்லையோ, அது பிள்ளை பிறக்கும் முன்பே முடிந்த விடயம். நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது? அவள் வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. ஒரு முறை உள்ளேயிருந்து யாரோ அவசரமாக வெளியே வந்து, ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பவும் போனார்கள். கோசலா எழும்பி நின்றாள். ஆழ்வாப்பிள்ளை கையைப் பிடித்து இருத்தினார்.

கதவு திறந்தபோது பெரிய டொக்டர்தான் வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, ஆழ்வாப்பிள்ளையிடம் ஏதோ சொல்லத் தொடங்கி, கோசலாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டு, உள்ளே வரும்படி கையைக் காட்டினார். பக்கத்து அறையில் ஒரு திரை. அதில் படம் ஓடியது.

முதலில் பலூன் இல்லாத படம். கறுப்பாகத் தெரிந்த மருந்து, தடித்த ஒரு குழாய் வழியாக ஈரலைத் திரும்பியும் பாராமல் மேலே ஓடி மறைந்தது. ஈரல் இருந்த இடம் வெறுமை. கோசலாவுக்கு அது பழகிய வெறுமை. யாழ்ப்பாணத்தில் பார்த்த அதே சாம்பல்.

டொக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். இப்போது குழாயின் நடுவில் சின்ன உருண்டை ஒன்று உப்பியிருந்தது. மருந்து வந்து அதில் முட்டியது. போக வழியில்லாமல் நின்றது. குழாய் வீங்குவதுபோல் இருந்தது. பிறகு, பக்கவாட்டில், ஒரு மயிரளவு கறுப்புக் கோடு ஈரலுக்குள் இறங்கியது. அது இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது மறுபடியும் பிரிந்தது. வெடித்துக் கிடக்கிற தரைக்குள் முதல் மழைத் தண்ணீர் இடம் தேடிப் போவதுபோல, நூல் நூலாக, தயங்கித் தயங்கிப் பரவியது.

யாரும் மொழிபெயர்க்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். டொக்டர் தலையை ஆட்டினார்.

அவர் பிறகு சொன்னதை ஆழ்வாப்பிள்ளை இந்த முறை சுருக்காமல் சொன்னார். கிளைகள் இருக்கின்றன. ஆனால் மெத்தச் சின்னன். பலூனை ஊதியபோது அழுத்தம் ஏறியது; ஒரேயடியாக அடைத்தால் தாங்காது. முதலில் வழியை ஒடுக்கி விடுவார்கள். கிளை பெருக்கிறதா என்று ஸ்கானில் பார்த்துப் பார்த்து, மாதங்கள் கழித்து முழுதாக அடைப்பார்கள். அதற்கிடையில் இரத்தம் உறையலாம், வயிற்றில் நீர் கட்டலாம். கவனமாக இருக்கவேணும்.

"பெருக்குமோ எண்டு கேளுங்கோ அப்பா."

கேட்டார். "இரத்தம் போனால் பெருக்கும் எண்டுதான் நம்பினமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரியாம்."

வெளியே வந்து நிசாந்தனுக்கு ஃபோன் எடுத்தாள். அங்கே பவுசர் இயந்திரத்தின் இரைச்சலும், யாரோ குடத்தை முன்னுக்கு வைத்ததற்குச் சண்டை பிடிக்கிற சத்தமும் கேட்டன.

"சொல்லும். என்னவாம்?"

அவன் இரைச்சலை நிறுத்திவிட்டு வரும்வரை கோசலா காத்து நின்றாள்.

"கோசலா, என்ன? பிள்ளைக்கு என்ன?"

"இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு?"

"ஈரலுக்குள்ள. கிளை இருக்கு. நூல் மாதிரிக் கிடக்கு, மெல்லிசா. நான் என்ர கண்ணால பாத்தனான்." அதைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இன்னும் முடியேல்லை. ஒடுக்கித்தான் விடப்போயினமாம். பிறகும் வரவேணும். எனக்குப் பயமாக் கிடக்கு. ஆனால் இருக்கு."

அந்தப் பக்கத்தில், தண்ணீருக்குக் காத்து நின்ற யாரிடமோ, வாயிலிருந்து ஃபோனை விலக்கி, "இருக்காம்" என்று நிசாந்தன் சொல்வது கேட்டது.